பதிமூன்று வயதின் உயரம்



எந்த இடத்தில் ஆடுவாய்? உயரம் எவ்வளவு? ஓட்டம் எப்படி? விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டு வரும் ஒவ்வொரு பையனிடமும் நம் கல்லூரிகளில் கேட்கப்படும் மூன்று கேள்விகள் இவை. பையனும் தயாராகத்தான் வந்திருப்பான். ஸ்டாப்பர் பேக், ஆறடி என்பான் ஒருவன். விங்கர், நூறு மீட்டர் பன்னிரண்டு வினாடி என்பான் அடுத்தவன். மூன்றாவது ஒருவன் ஐந்தடி நான்கு அங்குலம் இருப்பான், இடத்தைச் சொல்லத் தயங்குவான், "எங்க வேணாலும் ஆடுவேன் சார்" என்பான். அவன் பெயருக்கு நேரே எழுத எதுவும் இருக்காது. தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மூன்றாவது பையனைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கல்லூரித் தேர்வுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று சிலர் கேட்கலாம். இந்தத் திருவனந்தபுரம் நகரத்தில் கால்பந்து என்பது நெடுங்காலம் வேலைக்குப் போகும் பாதையாக இருந்திருக்கிறது. கல்லூரி அணி, அதிலிருந்து பல்கலைக்கழக அணி, அங்கிருந்து கேரள போலீஸ், டைட்டானியம், மின் வாரியம், எஸ்.பி.டி. என்ற ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் என்று ஏதாவது ஒரு துறை அணி. சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் எஸ்.பி.டி. ஆடுகிறது என்றால் வேலை முடித்து நேரே காலரிக்குப் போன தலைமுறை இன்னும் இந்த அரங்கில் இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்.பி.டி. வங்கி ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவோடு இணைந்தது. ஒரு வங்கி போனதோடு, கடற்கரை ஊர்களான பூந்துறையிலும் வெட்டுக்காட்டிலும் பல வீடுகள் நம்பியிருந்த ஒரு வாசலும் அடைபட்டது. இருக்கிற வாசல்கள் குறையக் குறைய, கல்லூரி வாசலில் யாரை உள்ளே விடுகிறோம் என்பது இன்னும் பெரிய விஷயமாகிறது.

உயரத்திலிருந்து தொடங்குகிறேன். உயரம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் கார்னர் கிக்கின்போது பெனால்டி பாக்ஸுக்குள் நின்று பார்த்திருக்க மாட்டார். 2017 அக்டோபர் 9, டெல்லி. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியா கொலம்பியாவோடு ஆடுகிறது. சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்க, மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் எம்பித் தலையால் முட்டிப் போட்டதுதான் ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல். ஜீக்சன் நெடியவர். அந்த உயரம் இல்லாவிட்டால் அந்தக் கோல் இல்லை. கோல்கீப்பருக்கும் உயரம் வேண்டும். நடுத் தடுப்பாளர் இருவரில் ஒருவருக்காவது வேண்டும். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு, உயரம் குறைந்தவன் தலையால் ஆட மாட்டான் என்பது. சுனில் சேத்ரி 170 சென்டிமீட்டர். அவர் இந்தியாவுக்காகப் போட்ட தொண்ணூறுக்கும் மேற்பட்ட கோல்களில் தலையால் முட்டிப் போட்டவை ஏராளம். உயரமான தடுப்பாளர் குதிக்கத் தொடங்கும் முன்பே சேத்ரி காற்றில் இருப்பார். 2006இல் இத்தாலிக்கு உலகக் கோப்பையை வாங்கிக்கொடுத்த தலைவர் ஃபாபியோ கன்னவாரோ நடுத் தடுப்பாளர்தான். உயரம் 176 சென்டிமீட்டர். அதே ஆண்டு சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதும் அவருக்கே கிடைத்தது. நம் ஊர்த் தேர்வில் அவர் தன்னை ஸ்டாப்பர் பேக் என்று சொல்லியிருந்தால், "தம்பி, நீ விங் பேக்கில் ஆடு" என்றுதான் அனுப்பியிருப்போம்.

வேகமும் இப்படித்தான். நூறு மீட்டர் ஓட்டத்தில் பையனைச் சோதிப்பது தடகளத்திலிருந்து நமக்கு வந்த பழக்கம். ஆட்டத்தில் ஒருவர் முழு வேகத்தில் ஓடும் தடவைகளில் பெரும்பாலானவை இருபது மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. முதல் ஐந்து மீட்டரில் யார் முந்துகிறார், ஓடிவந்த வேகத்தை இரண்டே அடியில் அடக்கி யார் திரும்புகிறார் என்பதுதான் கணக்கு. அறுபதாவது மீட்டரில் முழு வேகம் பிடிக்கும் பையன் நல்ல ஓட்டக்காரன். ஆனால் அந்த அறுபதாவது மீட்டர் கால்பந்தில் அவனுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். ஸ்டாப்வாட்ச் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து மீட்டரில் ஒரு தடவை அமுக்குங்கள், முப்பதில் ஒரு தடவை அமுக்குங்கள். இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதி வையுங்கள்.

இன்னொரு வேகத்துக்கு ஸ்டாப்வாட்சே கிடையாது. நடுக்களத்தில் நிற்கும் ஒரு பையனை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவன் கழுத்தைப் பாருங்கள். பந்து அவனை நோக்கி உருண்டு வருகிறது. அது காலில் சேர்வதற்குள் அவன் தலை எத்தனை தடவை இடமும் வலமும் திரும்புகிறது? ஒரு தடவைகூடத் திரும்பாத பையன் பந்தை வாங்கிய பிறகுதான் உலகத்தைப் பார்க்கிறான். அதற்குள் எதிரணிக்காரன் மேலே வந்து விழுகிறான். மூன்று தடவை திரும்பியவனுக்கு முதல் தொடுகையிலேயே திசை தெரியும். அவன் மெதுவாக ஓடுவதுபோலத் தோன்றுவான், ஆனால் எப்போதும் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருப்பான். நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் ஆண்டுக்கணக்கில் வீடியோ வைத்து இதை எண்ணினார். இங்கிலீஷ் லீகின் நடுக்கள வீரர்களில் பந்து வருவதற்கு முன் அதிகமாகத் திரும்பிப் பார்ப்பவர்களே பந்தை முன்னோக்கிச் சரியாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார். ஃபிராங்க் லாம்பார்ட் அந்த வரிசையில் மேலே இருந்தார். இதை அளக்கக் கருவி வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். இருந்தும் எத்தனை தேர்வுகளில் இதை எழுதி வைக்கிறார்கள்?

அளவுகோலை வைத்தே ஆளெடுக்கும் இடம் ஒன்றையும் பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்று சொல்வது வேறு ஆட்டம். பந்தைக் கையில் பிடித்து ஓடுவது. கல்லூரிக்கு வீரர்களை எடுப்பது அங்கே பெரிய தொழில். பள்ளியில் படிக்கும் பையனின் உயரம், எடை, நாற்பது கஜம் ஓட எடுக்கும் நேரம் எல்லாம் ஊர் முழுக்கப் பேச்சாக இருக்கும். இந்த உடம்புக்கு இந்த இடம் என்று அங்கே பிரித்து வைப்பதற்கு நியாயம் உண்டு. சில வினாடிக்கொரு தடவை ஆட்டம் நிற்கிறது, ஆளை மாற்றலாம், முன்வரிசையில் மோதுபவரின் எடை நூற்றுமுப்பது கிலோவைத் தாண்டும். அப்படிப்பட்ட ஆட்டத்திலேயே அளவுகோல் ஏமாந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிய டாம் பிரேடி நாற்பது கஜத்தை 5.28 வினாடியில் ஓடினார். மிகவும் மெதுவான நேரம் அது. 2000ஆம் ஆண்டுத் தொழில்முறை லீகின் தேர்வில் அவருக்கு முன்னால் 198 பேரை எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் அந்த லீகின் கோப்பையான சூப்பர் பவுலை ஏழு தடவை வென்றார். நம் ஆட்டம் நாற்பத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓடுவது. ஒரே பையன் தடுக்க வேண்டும், பறிக்க வேண்டும், கொடுக்க வேண்டும், அடிக்க வேண்டும். உடம்பைப் பார்த்து இடம் ஒதுக்குவது அங்கே ஓரளவு பொருந்தலாம். இங்கே பொருந்தவே பொருந்தாது.

இதுவரை சொன்னதைப் பலர் ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் கேட்பது இதைத்தான்: "சார், நாங்கள் உயரத்தை எங்கே பார்க்கிறோம்? சான்றிதழைத்தானே பார்க்கிறோம்?" உயரத்தைக் கேட்டாலும் மதிப்பெண் போடுவது சான்றிதழுக்குத்தான், உண்மை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வரும் பையன் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவருகிறான். அதற்குள் மாவட்ட அணி, மாநில அணி, தேசியப் போட்டி என்று சான்றிதழ்கள். மாநிலத்துக்கு ஆடியவன் மாவட்டத்துக்கு ஆடியவனுக்கு மேலே. காகிதம் பேசுகிறது, நாங்கள் யாருக்கும் பட்சபாதம் காட்டவில்லை என்கிறார்கள்.

நான் கேட்கும் கேள்வி, அந்தக் காகிதம் எப்போது சம்பாதித்தது என்பது. சப்-ஜூனியர் மாநில அணியில் ஆடியபோது அவனுக்கு வயது பதிமூன்று, பதினான்கு. ஆண்பிள்ளைகள் திடீரென்று வளரும் பருவம் சராசரியாக அதுதான். சராசரி என்றால் சிலருக்குப் பன்னிரண்டில், சிலருக்குப் பதினாறில். ஒரே நாளில் நட்ட வாழைக்கன்றுகள் ஒரே நாளில் குலை தள்ளுவதில்லை. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களுக்கு உடலின் முதிர்ச்சியில் நான்கைந்து ஆண்டு வித்தியாசம் இருக்க முடியும். மீசை அரும்பிய பையனும் குரல்கூட உடையாத பையனும் ஒரே தேர்வில் தோளோடு தோள் மோதுகிறார்கள். யாரை எடுப்பார்கள்? எடுக்கப்பட்டவனுக்குச் சான்றிதழ், விளையாட்டு விடுதி, நல்ல பயிற்சியாளர், நல்ல சாப்பாடு, அடுத்த ஆண்டு இன்னொரு சான்றிதழ். விடப்பட்டவன் பதினேழு வயதில் வளர்ந்து இவனுக்குச் சமமாக நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. பதிமூன்று வயதில் இருந்த உயரம் பதினெட்டு வயதில் காகிதமாக மாறி நம் மேசைக்கு வந்து சேர்கிறது. உயரத்தைப் பார்க்கவில்லை என்று நாம் நம்பிக்கொண்டே அதே உயரத்துக்கு மதிப்பெண் போடுகிறோம்.

பிறந்த மாதமும் இதில் சேர்கிறது. வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு என்றால், ஜனவரியில் பிறந்த பையன் டிசம்பரில் பிறந்த பையனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். பதிமூன்றில் ஒரு வயது என்பது சிறியதல்ல. பெல்ஜியத்தில் இதற்கு நல்ல ஆதாரம் கிடைத்தது. அங்கே முன்பு ஆகஸ்ட் 1 கணக்காக இருந்தது, 1997இல் ஜனவரி 1க்கு மாற்றினார்கள். வெர்னர் ஹெல்சன் என்ற ஆய்வாளர் பார்த்தபோது, முன்பு இளையோர் அணிகளில் ஆகஸ்டை ஒட்டிப் பிறந்தவர்கள் நிறைந்திருந்த இடத்தில், மாற்றத்துக்குப் பின் ஜனவரியை ஒட்டிப் பிறந்தவர்கள் நிறைந்தார்கள். பெல்ஜியப் பிள்ளைகளின் திறமை ஒரே ஆண்டில் ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்கு இடம் மாறியிருக்க முடியாது. தேதிதான் மாறியது.

நம் நாட்டில் தேதிக்கு இன்னொரு கதை உண்டு. மே 31 அன்று கேரளத்தில் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வுபெறுவதை ஆண்டுதோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். பிறப்புச் சான்றிதழ் கேட்காத காலத்தில், ஜூனில் பள்ளி திறக்கும்போது வயது சரியாக இருக்கவேண்டும் என்று மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிட்டதன் விளைவு அது. இன்றைய பையன்களின் தேதிகள் பெரும்பாலும் சரியானவை. ஆனாலும் வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கம் இந்திய விளையாட்டை விட்டு முழுதாகப் போகவில்லை. ஃபிஃபா 2009 முதல் 17 வயதுப் போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. அது வயது கூடியவனைப் பிடிக்கும். தாமதமாக வளரும் பையனுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அவனுக்காக இங்கிலாந்தில் ஒரு முயற்சி நடந்தது. சில தொழில்முறை கிளப்புகளின் அகாடமிகள் 2015இல், வயதை விட்டுவிட்டு, பெரியவனாகும்போது எட்டப்போகும் உயரத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு பையன் எட்டியிருக்கிறான் என்று கணக்கிட்டு, சமமானவர்களைச் சேர்த்து ஆடவிட்டன. பெற்றோரின் உயரம் தெரிந்தால் இந்தக் கணக்கை ஓரளவு போட்டுவிடலாம். பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. பெண்கள் அணித் தேர்வுகளிலும் இந்தக் கணக்கைப் போட்டே ஆகவேண்டும்.

நம் கடற்கரைக்கு வருகிறேன். அஞ்சுதெங்கிலிருந்து வெட்டுக்காடு, வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம், புல்லுவிளை, பூவார், பொழியூர் வரை ஒரே மணல். பொழியூரைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு வந்துவிடும். ஆனால் மணலும் பந்தும் தொடர்கின்றன, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று. எல்லைக்கல் இருபக்கத்துப் பையன்களையும் பிரித்ததில்லை. ஒரு பக்கத்துக் கோயில் திருவிழாப் போட்டிக்கு மறுபக்கத்து அணி வந்து ஆடும். 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் தோற்கடித்து, பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கேரளம் மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியை வென்றது. பயிற்சியாளர் நம் திருவனந்தபுரத்துச் சதீவன் பாலன். அன்று பெனால்டியை வலைக்குள் அனுப்பியவர்களில் ஒருவர் பொழியூர்ப் பையன் சீசன்.

வெட்டுக்காட்டு ஜோபி ஜஸ்டினை எடுத்துக்கொள்ளுங்கள். மின் வாரிய அணியில் ஆடி, 2017இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று கடந்திருந்தது. அகாடமிகளில் வளர்ந்த பையன்கள் அந்த வயதில் நூறு ஆட்டம் ஆடி முடித்திருப்பார்கள். 2018-19 ஐ-லீகில் ஒன்பது கோல் போட்டு, இந்தியர்களில் அதிக கோல் போட்டவரானார். அந்தப் பருவத்தின் இரண்டு கொல்கத்தா டெர்பிகளிலும் மோகன் பகானுக்கு எதிராகக் கோல் போட்டார். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இன்னொரு பாடம். சென்னை சிட்டியிலும் ஜாம்ஷெட்பூரிலும் தாக்கும் நடுக்கள வீரராக ஆடிப் பெயர் வாங்கியவர். 2019-20இல் ஏ.டி.கே. அணியில் பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது விங் பேக்காக நிறுத்தினார். உடல்வாகைப் பார்த்து எந்தத் தேர்வுக் குழுவும் கொடுத்திருக்காத இடம் அது. அந்த ஆண்டு ஏ.டி.கே. ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அதே அணியில் ஜோபியும் இருந்தார். இருபத்தைந்து வயதில் ஒரு வீரரின் இடம் மாறலாம் என்றால், பதினெட்டு வயதுப் பையன் படிவத்தில் எழுதிய இடத்தை நாம் ஏன் கல்வெட்டாக எடுத்துக்கொள்கிறோம்?

கடற்கரைப் பையன்களின் ஆட்டத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். மணலில் பந்து உருளாது. அதனால் அவர்கள் பந்தைத் தரையில் விடுவதில்லை. மார்பில் வாங்கி, தொடையில் இறக்கி, விழுவதற்குள் அடித்துவிடுவார்கள். அவர்களைப் புல்தரையில் நிறுத்தி, பூட்ஸ் போட்டுக் குறுகிய பாஸ் ஆடச் சொன்னால் முதல் இருபது நிமிடம் தடுமாறுவார்கள். பந்து எதிர்பார்த்ததைவிட வேகமாகக் காலடிக்கு வந்துவிடும். நம் தேர்வுகளில் ஒரு பையனுக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் அந்த இருபது நிமிடம்தான். இருபத்தோராவது நிமிடத்தில் அவன் விழித்துக்கொள்ளும்போது நாம் அடுத்த குழுவை உள்ளே கூப்பிட்டிருப்போம். கடலுக்குப் போகும் வீட்டுப் பையனுக்குச் சப்-ஜூனியர் தேர்வு நாளில் வலை இழுக்கும் வேலை இருந்திருக்கலாம். சான்றிதழ் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். இதையெல்லாம் புரிந்துகொண்டு கடற்கரைப் பிள்ளைகளுக்கென்று கோவளம் எஃப்.சி.யைத் தொடங்கி நடத்தும் எபின் ரோஸ் போன்றவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கண்டெடுக்கும் பையன் கல்லூரி வாசலில் காகிதம் இல்லாமல் நின்றுவிடக் கூடாது.

தமிழில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கேரளம் முதன்முதலில் சந்தோஷ் டிராபியை வென்றது 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில். ரயில்வேக்கு எதிராக மூன்றுக்கு இரண்டு, மூன்று கோலும் கேப்டன் மணி போட்டவை. அந்த அணியின் பயிற்சியாளர் தமிழரான சைமன் சுந்தரராஜ், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்டவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றுவரை அதுதான். தமிழ், மலையாளம் என்று இரு மொழிக்காரர்களும் சேர்ந்து வளர்த்த ஆட்டம் இது. அதன் குறைகளையும் சேர்ந்து பேசலாம், சேர்ந்து திருத்தலாம்.

என்ன செய்யலாம்? அரசு உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்களைச் சொல்கிறேன். ஒதுக்கீட்டு விதிகளைத் தொட முடியாவிட்டாலும், கல்லூரி அணியில் யாரைச் சேர்ப்பது, யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்பது உடற்கல்வித் துறையின் கையில்தான் இருக்கிறது. ஒதுக்கீட்டில் வராமல் சாதாரண இடத்தில் சேர்ந்த பையன்களில் பந்து ஆடுபவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. முதல் மாதத்திலேயே அவர்களைக் கூப்பிட்டு ஆடவிடுங்கள். அணியில் இரண்டு இடங்களை எந்தச் சான்றிதழும் இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். தேர்வை ஒரு காலையில் முடிக்காதீர்கள், மூன்று நாள் நடத்துங்கள். ஒவ்வொரு பையனையும் அவன் சொன்ன இடத்தில் ஒரு பாதியும், சொல்லாத இடத்தில் ஒரு பாதியும் ஆடவிடுங்கள். "எங்க வேணாலும் ஆடுவேன்" என்று சொன்னவனை நடுக்களத்தில் நிறுத்திப் பாருங்கள். படிவத்தில் உயரத்துக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள், அப்பா அம்மாவின் உயரத்தையும் கேட்டு எழுதுங்கள். கடைசியாக எப்போது கால்சட்டை குட்டையாகிப் போனது என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பு என்று சொல்லும் பையன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான். இன்று அவன் கால்கள் அவன் பேச்சைக் கேட்காமல் இருக்கலாம். அவனை அடுத்த ஆண்டு வரச்சொல்லி, அவன் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்து, அடுத்த ஆண்டு நீங்களே கூப்பிடுங்கள்.